சூரிய கிரகணம் பார்க்க ஒரு நாள் பயணம்



நாம் பயணம் போகாதவர்கள் இல்லை. கதிர்காமம் போகிறோம். முன்னேஸ்வரம் போகிறோம். சிவனொளிபாதமலை ஏறுகிறோம். சீட்டுப் பிடித்து, வேன் பேசி, ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு புறப்படுவது நமக்குப் பழக்கமான காரியம்தான். ஆனால் “சூரியனைப் பார்க்க வேன் பிடித்துப் போவோமா?” என்று கேட்டால் சிரிப்பு வரும். “அதான் தெனமும் லயத்து வாசல்ல வந்து நிக்குதே, அதப் பாக்க ஏன் காசு செலவழிக்கணும்?” என்று கேட்பீர்கள்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பாடம். கிரகணம் என்றால் என்ன, அதைப் பார்க்க ஏன் ஊர் விட்டு ஊர் போக வேண்டும், கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் எப்படிப் பார்ப்பது, கர்ப்பிணித் தாய்மார் பயப்பட வேண்டுமா, பயணத்துக்கு எப்படி ஆயத்தமாவது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கிரகணம் எப்படி உண்டாகிறது?

வீட்டில் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். எரிகிற மின்குமிழிலிருந்து தள்ளி நில்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பத்து ரூபாய்க் குற்றி ஒன்றைத் திறந்த கண்ணுக்கு முன்னால் பிடியுங்கள். குமிழ் எவ்வளவோ பெரிது, குற்றி சின்னது. ஆனாலும் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தால் குற்றி குமிழையே மறைத்துவிடுகிறது அல்லவா? கிரகணமும் அதுதான். சூரியன் குமிழ், சந்திரன் குற்றி, நாம் நிற்கும் பூமிதான் கண்.

சூரியன் சந்திரனைவிடச் சுமார் 400 மடங்கு அகலமானது. அது சந்திரனைவிடச் சுமார் 400 மடங்கு தூரத்திலும் இருக்கிறது. அதனால் வானத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரிகின்றன. அமாவாசை நாளில் சந்திரன் சரியாகக் குறுக்கே வந்தால் சூரியன் மறைகிறது. அப்படியானால் எல்லா அமாவாசைக்கும் ஏன் கிரகணம் வருவதில்லை? சந்திரன் போகும் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான மாதங்களில் அது சூரியனுக்கு மேலாகவோ கீழாகவோ போய்விடுகிறது.

இப்போது குற்றியைக் கொஞ்சம் தூரத் தள்ளிப் பிடியுங்கள். குமிழ் முழுதாக மறையாது. குற்றியைச் சுற்றி வட்டமாக வெளிச்சம் தெரியும். சந்திரனும் எப்போதும் ஒரே தூரத்தில் இருப்பதில்லை. கிட்ட வரும்போது சுமார் 3,63,000 கிலோமீற்றர், தள்ளிப் போகும்போது சுமார் 4,05,000 கிலோமீற்றர். கிட்ட இருக்கும்போது குறுக்கே வந்தால் முழுக் கிரகணம். தள்ளி இருக்கும்போது வந்தால் நடுவில் கறுப்பு, சுற்றிவர நெருப்பு வளையம். இதைத்தான் வளையக் கிரகணம், கங்கண கிரகணம் என்று சொல்கிறார்கள்.

ஏன் பயணம் போக வேண்டும் என்பதற்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. முழுக் கிரகணமோ வளையமோ ஊர் உலகமெல்லாம் தெரியாது. நிலத்தின் மேல் ஒரு ஒடுங்கிய பட்டியாகத்தான் அது ஓடும். அந்தப் பட்டிக்குள் நின்றால் வளையம் தெரியும். வெளியே நின்றால் சூரியனில் ஒரு கடி கடித்த மாதிரித்தான் தெரியும். சூரியன் நம் லயத்து வாசலுக்குத் தினமும் வரும், ஆனால் வளையத்தைப் பார்க்க நாம்தான் போக வேண்டும்.

2. நம் நாட்டில் வந்தவையும் வரப்போகிறவையும்

1955 ஜூன் 20: காலை நேரத்தில் முழுக் கிரகணம். பொலன்னறுவை, ஹிங்குராக்கொடைப் பக்கம் பகலிலே இருள் சூழ்ந்தது. வெளிநாட்டு விஞ்ஞானிகள் பெரிய பெரிய கருவிகளோடு வந்திருந்தார்கள். முகில் வந்து மறைத்ததால் பலருடைய உழைப்பு வீணாகிப்போனது. அதே நாளில் இன்னொரு காரியமும் நடந்தது. கிரகண நேரத்தில் வசம்பு சேர்த்த மருந்து ஒன்றைக் குடித்தால் நிறம் வெளுத்து அழகு கூடும் என்று நாட்டில் ஒரு வதந்தி பரவியிருந்தது. அதை நம்பிக் குடித்த பெண்கள் பலர் நோயாகி ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. கிரகணம் அவர்களை ஒன்றும் செய்யவில்லை. வதந்திதான் செய்தது.

2010 ஜனவரி 15: வளையக் கிரகணம். போர் முடிந்த பிறகு வந்த முதல் தைப்பொங்கலுக்கு மறுநாள், மாட்டுப் பொங்கலன்று வந்தது. யாழ்ப்பாணப் பக்கம் ஏறத்தாழ 10 நிமிடம் வளையம் நின்றது. இந்த ஆயிரமாண்டில் வரும் வளையக் கிரகணங்களில் இதுவே மிக நீண்டது.

2019 டிசம்பர் 26: மறுபடியும் வளையக் கிரகணம், வடக்கில் தெரிந்தது. காலை 8 மணிக்குப் பிறகு தொடங்கி, 9.30ஐக் கடந்ததும் சுமார் 3 நிமிடம் வளையமாக நின்று, 11 மணிக்குப் பிறகு விட்டது. நம் மலைநாட்டில் அரைகுறைக் கிரகணமாகத் தெரிந்தது.

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை: முழுக் கிரகணத்தின் பட்டி ஸ்பெயின், எகிப்து, சவூதி அரேபியா வழியாகப் போகிறது. நம் நாட்டில் மாலை நேரத்தில் ஒரு பகுதி மறைவதைப் பார்க்கலாம். இதற்குப் பயணம் தேவையில்லை, தோட்டத்திலேயே பார்க்கலாம். ஆனால் ஆகஸ்டில் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மழையும் மூடுபனியும் இருக்கும். அந்தக் காலத்தில் பதுளை, பண்டாரவளைப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

2031 மே 21, புதன்கிழமை: வளையக் கிரகணம். கேரளம், மதுரைப் பக்கமாகத் தென்னிந்தியாவைக் கடந்து வந்து நம் நாட்டின் வட பகுதியைத் தொடும். நண்பகலைத் தாண்டிய நேரம். நாம் பயணம் போக வேண்டியது இதற்குத்தான். நாள் கிட்ட வரும்போது யாழ்ப்பாணப் பக்கத்தில் எந்தெந்த ஊர் பட்டிக்குள் விழுகிறது என்று படத்தில் சரியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டால் காட்டித் தருவார்.

3. கண் இருந்தால்தான் காட்சி

இந்தப் பாடத்தில் வேறெதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் கடதாசியை எரிக்கிற விளையாட்டு நம் பிள்ளைகளுக்குத் தெரியும். நம் கண்ணுக்குள்ளும் அப்படி ஒரு வில்லை இருக்கிறது. சூரியனை நேரே பார்த்தால் அந்த ஒளி கண்ணின் பின்புறத் திரையில் குவிந்து அதைச் சுடுகிறது. மற்ற நாளில் கூச்சம் தாங்காமல் நாமே முகத்தைத் திருப்பிக்கொள்வோம். கிரகண நாளில் வெளிச்சம் குறைவதால் கூச்சமும் குறைகிறது, துணிந்து பார்த்துவிடுகிறோம். மிஞ்சியிருக்கிற கீற்று போதும், கண்ணைக் கெடுக்க.

இதில் மோசமான விஷயம், அந்தத் திரைக்கு வலி தெரியாது. சுடும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோதான் பார்வையின் நடுவில் ஒரு புள்ளி மறைப்பது தெரியவரும். புத்தகத்தில் எழுத்துத் தெரியாது, எதிரே நிற்கிறவர் முகம் தெரியாது. சிலருக்கு மாதக்கணக்கில் ஓரளவு தேறும், சிலருக்குத் தேறவே தேறாது. இதை மாற்றுவதற்கு உறுதியான மருந்து கிடையாது. படிக்கிற பிள்ளைக்கு இப்படி ஆனால் என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள்.

செய்யக் கூடாதவை:

சாதாரணக் கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படம், கரி பிடித்த கண்ணாடித் துண்டு, பழைய படச்சுருள், சீடி தட்டு இவற்றால் பார்க்கக் கூடாது. கறுப்பாகத் தெரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் உள்ளே போகும். தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணியோ சாணித் தண்ணியோ வைத்து அதில் தெரிகிற சூரியனைப் பார்ப்பதும் ஆபத்துத்தான். தொலைநோக்கி, கமரா வழியாகப் பார்க்கவே வேண்டாம். கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டும் அவற்றினூடே பார்க்கக் கூடாது.

செய்யக் கூடியவை:

ஒன்று, கிரகணம் பார்ப்பதற்கென்றே செய்த கண்ணாடி. அதில் ஐஎஸ்ஓ 12312-2 என்று அச்சிட்டிருக்க வேண்டும். போலியும் வரும் என்பதால் போட்டுப் பாருங்கள். அதன் வழியாக வீட்டு மின்குமிழ்கூடத் தெரியக் கூடாது, சூரியன் மட்டுமே தெரிய வேண்டும். கீறலோ ஓட்டையோ இருந்தால் வீசிவிடுங்கள். இரண்டு, வெல்டிங் வேலைக்குப் பாவிக்கும் 14ஆம் இலக்கக் கண்ணாடி. வளையக் கிரகணத்தில் ஒரு நொடிகூட வெறுங்கண்ணால் பார்க்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். வளையமாக நிற்கும்போதும் சூரியனின் விளிம்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

மூன்றாவது வழிக்கு ஐந்து சதமும் செலவில்லை. சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். ஓட்டை உள்ள ஏதாவது ஒன்றைப் பிடித்து, கீழே விழும் ஒளியைப் பாருங்கள். தேத்தண்ணி வடி, மா அரிக்கிற அரிதட்டு, கொழுந்துக் கூடையின் பின்னல் எல்லாம் உதவும். ஒவ்வொரு ஓட்டையும் நிலத்தில் ஒரு குட்டிச் சூரியனைப் போடும். கிரகணம் பிடிக்கப் பிடிக்க அவை எல்லாம் பிறைகளாகும். நிழல் மரத்தின் இலை இடுக்கு வழியாக விழும் ஒளிப் பொட்டுகளும் அப்படியே பிறையாகும். பிள்ளைகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

4. பிள்ளைத்தாச்சி பயப்பட வேண்டுமா?

“கிரகண நேரத்துல கத்தியத் தொட்டா புள்ளைக்கு உதடு பிளந்து போகும்.” “ஒண்ணும் தின்னக் கூடாது, பச்சத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது.” இப்படிச் சொல்லித்தான் நம் தாய்மாரும் பாட்டிமாரும் நம்மை வளர்த்தார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வயிற்றுப் பிள்ளை மேல் வைத்த பாசத்தால் சொன்னார்கள். அந்தப் பாசத்தை மதிப்போம். ஆனால் உண்மையையும் தெரிந்துகொள்வோம்.

பிள்ளையின் உதடு கருவின் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பிணி என்பதே அப்போது சரியாகத் தெரிந்திருக்காது. ஏழாம் எட்டாம் மாதத்தில் வரும் கிரகணம் சேர்ந்துவிட்ட உதட்டைப் பிளக்க முடியாது. உதடு பிளவுக்குப் பரம்பரை ஒரு காரணம். தாயின் சர்க்கரை வியாதி, புகைத்தல், சில வகை மருந்துகள் என்று வேறு காரணங்களும் உண்டு. சந்திரனின் நிழல் அதில் சேராது. அப்படிப் பிறந்த பிள்ளைக்கும் சத்திர சிகிச்சை இருக்கிறது, நன்றாகப் பேசவும் சாப்பிடவும் முடியும். கிரகணத்தின் மேல் பழியைப் போட்டு, தாயைக் குற்றவாளியாக்கி, பிள்ளையை மறைத்து வைப்பதுதான் பெரிய பாவம்.

பட்டினிதான் உண்மையான ஆபத்து. நம் தோட்டத்துத் தாய்மாரில் இரத்தம் குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று குடும்ப நல உத்தியோகத்தர் அம்மாவைக் கேட்டால் சொல்லுவார். கிரகணம் தொடக்கம் முதல் விடும் வரை மூன்று மணி நேரம் இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் சேர்த்து அரை நாள் பட்டினி கிடந்தால் மயக்கம் வரும்.

2019இல் நாங்கள் கிளிநொச்சிக்குப் போயிருந்தபோது இதை நேரிலே கண்டோம். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டுப் போய் அங்கே குடியேறிய ஒரு குடும்பத்தின் வளவில்தான் நின்றோம். அந்த வீட்டு மருமகள் ஏழு மாதம். விடியற்காலையிலிருந்து அறைக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு வாய் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. எங்களோடு வந்தவர்களில் இளைப்பாறிய மருத்துவிச்சி அம்மா ஒருவர் இருந்தார். அவர் மாமியாரோடு வாக்குவாதம் பண்ணவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “அக்கா, கதவு சாத்தியே இருக்கட்டும். வெளிய வர வேணாம், வெயிலப் பாக்கவும் வேணாம். அது ஒங்க நம்பிக்க. ஆனா உள்ள இருக்கிற புள்ளைக்குப் பசிக்கும் இல்லையா? நாளைக்கு அவ மயங்கி விழுந்தா நீங்கதானே தூக்கிட்டு ஓடணும்?” என்றார். மாமியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து போய்க் கஞ்சி காய்ச்சினார். கதவு திறந்தது, கஞ்சி உள்ளே போனது, கதவு மறுபடி சாத்தியது. எங்களுக்கு அது போதும். நம்பிக்கையை ஒரே நாளில் பிடுங்க முடியாது. பட்டினியை ஒரே நாளில் நிறுத்தலாம்.

கோயில் நடை சாத்துவதும், கிரகணம் விட்ட பிறகு குளிப்பதும் அவரவர் சமய வழக்கம். அதனால் ஒருவருக்கும் தீங்கில்லை. தாம்பாளத்தில் உலக்கை நிற்பதையும் அதிசயமாகச் சொல்கிறார்கள். அடி தட்டையான உலக்கை எந்த நாளிலும் நிற்கும். நாளைக்கே நிறுத்திப் பாருங்கள்.

5. பயணத்துக்கு ஆயத்தம்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9 பாதை 321 கிலோமீற்றர். தோட்டத்திலிருந்து கண்டிக்குப் போகும் தூரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவு புறப்பட்டால்தான் விடிய விடியப் போய்ச் சேரலாம். கிரகணம் விட்டதும் திரும்பினால் நடுச்சாமத்துக்கு மேல் வீடு வரலாம். நாங்கள் 2019இல் அப்படித்தான் செய்தோம். பதினான்கு பேர் ஒரு வேனில் போனோம். அந்த அனுபவத்திலிருந்து சில ஆலோசனைகள்:

முதலாவது, சாரதி. இரவு முழுக்க ஓட்டி வந்தவர் அன்றைக்கே திரும்பியும் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. இரண்டு சாரதிமார் வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டி வந்தவர் தூங்கி எழ ஆறேழு மணி நேரமாவது கொடுக்க வேண்டும். காசை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

இரண்டாவது, பேர். போகிற நாள் வேலை நாள். ஒரு நாள் பேர் போகும். பிந்தி வந்து படுத்தால் மறுநாள் பிரட்டுக்குப் போவதும் கஷ்டம். இதை முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவெடுங்கள். குடும்பத்தில் எல்லாரும் போக முடியாவிட்டால் பிள்ளைகளோடு ஒருவர் போகலாம். மாதம் மாதம் சிறு தொகை சீட்டுப் பிடித்து வந்தால் 2031 வரும்போது கடன்படாமல் போய் வரலாம். கடன் வாங்கிக் கிரகணம் பார்க்கத் தேவையில்லை.

மூன்றாவது, வெயில். நாம் குளிர்ப் பக்கத்து ஆட்கள். மே மாதத்து வடக்கு வெயில் நம்மைச் சுருட்டிவிடும். தொப்பி அல்லது குடை, ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், ஒன்றிரண்டு ஜீவனிப் பக்கற்று கட்டாயம். கொழுந்து மலையில் போடும் படங்குத் துண்டு இருந்தால் நிழலுக்குக் கட்டலாம். வளைவுகளில் வாந்தி எடுக்கிற பிள்ளைகளுக்குப் பை எடுத்துவையுங்கள். மருந்து குடிக்கிற பெரியவர்கள் மருந்தை மறக்க வேண்டாம்.

நான்காவது, இடம். மறைவில்லாத வெளி, பக்கத்தில் மலசலகூடம், நிழல், தண்ணீர் இந்த நான்கும் இருக்க வேண்டும். பாடசாலை மைதானம் நல்லது, அதிபரிடம் முன்பே அனுமதி கேளுங்கள்.

ஐந்தாவது, கண்ணாடி. வேனில் எங்களிடம் மூன்று கண்ணாடிதான் இருந்தது, பதினான்கு பேர். ஒருவர் பத்துவரை எண்ணும் வரை பார்த்து அடுத்தவருக்குக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம். கண்ணாடி இல்லாதவர்கள் குனிந்து கூடை நிழலைப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெரியவர் பொறுப்பு. கண்ணாடியைக் கழற்றும் முன் முகத்தைக் கீழே திருப்ப வேண்டும்.

ஆறாவது, மனம். முகில் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. 1955இல் கடல் கடந்து வந்த விஞ்ஞானிகளுக்கே அதுதான் நடந்தது. அதனால் கிரகணத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வன்னியில் குடியேறிய சொந்தங்களைப் பார்த்தல், நல்லூர்க் கோயிலைக் கும்பிடுதல், பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுதல் என்று இன்னொரு காரியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகில் மறைத்தாலும் பயணம் வீணாகாது.

எங்களுக்கு அன்றைக்கு முகில் வந்து வந்து போனது. வளையம் வந்த நேரத்தில் விலகி நின்றது. வெளிச்சம் மங்கி, நிழல்கள் கூர்மையாகி, காற்றும் கொஞ்சம் குளிர்ந்தது. கூடை நிழல் முழுக்கச் சின்னச் சின்ன மோதிரங்கள். ஒரு பிள்ளை அவற்றைக் கையில் ஏந்திக்கொண்டு எண்ணத் தொடங்கியது.

6. செய்து பாருங்கள், பேசிப் பாருங்கள்

பிள்ளைகளுக்கு: கிரகணம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். லயத்துத் தகரக் கூரையில் ஆணி ஓட்டை இருந்தால் வெயில் நேரத்தில் தரையில் வட்டப் பொட்டு விழும். அது வெறும் வெளிச்சமல்ல, சூரியனின் படம். கடதாசி மட்டையில் ஊசியால் ஓட்டை போட்டும் செய்யலாம். ஓட்டைக்கும் படத்துக்கும் உள்ள தூரம் ஒரு மீற்றர் என்றால் படம் சுமார் 9 மில்லிமீற்றர் அகலம். மூன்று மீற்றர் என்றால் சுமார் 28 மில்லிமீற்றர். அளந்து பாருங்கள். படத்தின் அகலத்தைத் தூரத்தால் பிரியுங்கள். வரும் விடையைச் சூரியனின் தூரமான 15 கோடி கிலோமீற்றரால் பெருக்குங்கள். சூரியனின் அகலம் கிடைக்கும். 14 இலட்சம் கிலோமீற்றருக்குக் கிட்ட வந்தால் உங்கள் கணக்குச் சரி. லயத்து அறைக்குள் இருந்தே சூரியனை அளந்த பிள்ளை என்று சொல்லிக்கொள்ளலாம்.

பெரியவர்களுக்கு, மாலையில் கூடிப் பேச:

அ. நம் தோட்டத்தில் கிரகண நாளில் கர்ப்பிணிகளுக்கு என்ன நடக்கிறது? பட்டினி போடாமல் இருக்க மாமியார்மாரிடம் யார், எப்படிப் பேசலாம்?

ஆ. 2027 ஆகஸ்ட் 2ஆம் திகதி மாலை பிள்ளைகள் வெறுங்கண்ணால் பார்க்காமல் கவனிக்கப் போவது யார்? பிள்ளை மடுவத்திலும் பாடசாலையிலும் முன்கூட்டியே யார் சொல்லப் போகிறார்கள்?

இ. 2031இல் ஒரு வேனாவது போக வேண்டுமானால் சீட்டு எப்போது தொடங்க வேண்டும்? அதில் காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்காவது இடம் வைப்போமா?

கடைசிக் கேள்விக்குப் பதில் “ஆமாம்” என்றால், அடுத்த சம்பள நாளிலேயே முதல் சீட்டுக் காசை எடுத்து வையுங்கள்.